எங்க நிண்டு சுணங்கினது?

என்னிடம் ஓர் அச்சுத்தாள் இருக்கிறது. இரு ஓரங்களிலும் துளை போட்டு மடிப்பு மடிப்பாக வரும் பழைய கணினித் தாள். மேல் மூலையில் 1997 டிசெம்பர் 23 என்று அச்சாகியிருக்கிறது. அன்று செவ்வாய்க்கிழமை. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரிகள். ஒரு கேள்விக்குப் பதில் தேடக் கணினி எடுத்த மொத்த நேரம், அதில் செயலி வேலை செய்த நேரம், நினைவகத்தில் படித்த பக்கங்கள், வட்டிலிருந்து இழுத்துப் படித்த பக்கங்கள். நாலாவது வரி மங்கல். தாளின் அடியில் பென்சிலால், உருண்டைக் கையெழுத்தில், தமிழில் ஒரு வரி: "முதல் ஓட்டம். மெசின் குளிர்."

அந்தக் கையெழுத்துக்குரியவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரே தடுத்துவிட்டார். "நீங்க எப்படியும் இத எழுதி வைப்பீங்க அண்ணன், எனக்குத் தெரியும். என்ட பேரப் போடாதீங்க. பேரப் போட்டா சனம் பேரோட நிண்டுரும், என்ன நடந்ததெண்டு பாக்காது" என்றார். திகதி போட்டு எதையும் எழுதிவைக்கும் என் பழக்கத்தை அலுவலகத்தில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். அதை ஒரு காரியமாக எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். ஆகவே அவர் கேட்டபடியே செய்கிறேன்.

கல்முனையில் சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு கூட்டுறவு அமைப்பின் கிளை அலுவலகம் இருந்தது. மருதமுனை நெசவாளர், சாய்ந்தமருது மீன்பிடிக்காரர், காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்காரர் எல்லோரும் அதன் அங்கத்தவர். அவர்களுக்கு ஒரு மருந்துத் திட்டம் நடந்தது. வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் அலுவலகத்துக்கு வந்து அங்கத்தவரின் பேரைச் சொல்ல வேண்டும். பதிவைத் தேடிப் பார்த்து ஒரு துண்டு கொடுப்போம். அந்தத் துண்டைக் காட்டினால் மருந்துக்கடையில் மருந்து கிடைக்கும். 1996 நடுப்பகுதி வரை பதிவுகள் அட்டைகளில் இருந்தன. அட்டை அறை என் பொறுப்பு. பிறகு கொழும்புத் தலைமையகம் ஒரு கணினியையும் நாலு திரைகளையும் அனுப்பியது. அவற்றுக்குப் பொறுப்பாக அவர் வந்தார். மருதமுனைக்காரி, கணிதப் பட்டதாரி, முப்பது வயதைக் கடந்தவர். நாலு திரைகளிலும் வேலைக்கு வந்த நாலு பெண்பிள்ளைகள் இருந்து தேடுவார்கள். அட்டைகளை இழந்த எனக்கு அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை கிடைத்தது.

முதல் நாளே தன் கதிரையைத் திருப்பிப் போட்டார். கணினியைப் பார்த்திருந்த கதிரை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தது. திரையைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். சீனி போடாத பிளேன்டீ குடிப்பார். பேனை பாவிக்கமாட்டார், பென்சில்தான். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டுவார், சனம் சொல்வது ஒரு சொல்லும் தவறாமல் கேட்க வேண்டுமாம்.

தாமதமாகிவிட்டது என்பதற்கு நாங்கள் சொல்லும் "சுணங்கிற்று" என்ற சொல்லை அவர் முன்னால் சும்மா சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. உடனே கேள்வி வரும்: "எங்க நிண்டு சுணங்கினது?" மழை, பஸ், மெசின், ஊர்ச்சனம் என்று பொதுவாக எதையாவது சொன்னால் விடமாட்டார். எந்த இடத்தில் நின்றது, எதைப் பார்த்துக்கொண்டு நின்றது, நிற்காமல் வேலை நடந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிரிக்காமல் ஒருவர்மேல் குற்றம் வைப்பதை அவர் பொறுக்கமாட்டார். அந்த ஒருவர் அவருக்குப் பிடிக்காதவராக இருந்தாலும் அப்படித்தான்.

அலுவலகத்தில் எட்டரைக்குப் பிறகு வருபவர்களுக்கு வரவுப் பதிவில் சிவப்புக் கோடு விழும். மருதமுனைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது கிழமையில் மூன்று நாள் விழுந்தது. வழியில் சோதனைச் சாவடி இருந்தது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். எங்கள் முகாமையாளர் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். நல்ல மனிதர், ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவர். அவர் சிவப்புப் பேனையை எடுத்த ஒரு காலையில் இவர் மேசையடியில் போய் நின்றார்.

"சேர், கோடு கீறுங்க. ஆனா ஆருக்குக் கீறுறீங்க எண்டு பாத்துக் கீறுங்க. நான் வீட்டால வெளிக்கிட்டது நேரத்துக்கு. பஸ் ஓடினது நேரத்துக்கு. நிண்டது சாவடியில. அந்தச் சாவடிக்கு ஒரு கோடு கீறுங்க."

"அதுக்கு நான் என்ன செய்யிற புள்ள? சட்டம் அப்படித்தானே" என்றார் முகாமையாளர்.

"ஒரு நாள் எங்களோட பஸ்ஸில வாங்க. மறுகா கீறுங்க."

முகாமையாளர் உண்மையாகவே போனார். மருதமுனையில் தங்கையின் வீட்டில் இரவு நின்று, காலையில் அதே பஸ்ஸில் ஏறி, சாவடியில் இறங்கி, மற்றவர்களோடு அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்து, எட்டரைக்குப் பிறகு வந்து சேர்ந்தார். வரவுப் பதிவைத் திறந்தார். தன் பெயருக்கு நேரே கொஞ்சநேரம் பார்த்தார். பேனையை மூடி வைத்துவிட்டார். அதன்பிறகு அந்த பஸ்ஸில் வருகிற ஒருவருக்கும் கோடு விழவில்லை.

இன்னொன்றை நான் நேரில் காணவில்லை. அவருடைய சொந்தக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து முறைப்பாடு போலச் சொன்னது. எங்கள் கரையோரத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இவருடைய வாப்பாவும் கட்டி முடித்திருந்தார். மாப்பிள்ளைப் பேச்சுக்கால்கள் வந்தன, போயின. வீடு பூட்டியபடி கிடந்தது. 1995இல் ஒரு நாள் இவர் புத்தகப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய், பூட்டைத் திறந்து குடியேறிவிட்டார். மாப்பிள்ளை இல்லாமல் பெண் வீட்டுக்குள் போகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொந்தக்காரர் கேட்டாராம்.

"சுவர் சுணங்கல்ல மாமா, கூரை சுணங்கல்ல. வாப்பா எல்லாம் நேரத்துக்கு முடிச்சிட்டார். வராத ஆளுக்காக நான் ஏன் வெளியில நிக்கிற?"

அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவருக்காகப் பரிந்து பேசுவோம் என்று நினைத்தோ என்னவோ. திரையில் இருந்த நாலு பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

இனிக் கணினிக்கு வருகிறேன். ஒவ்வொரு தேடலின் முடிவிலும் அந்த நாலு வரிகள் திரையின் அடியில் வந்து போகும். பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை. "மெசின்ட முனகல்" என்பார்கள். இவர் வந்ததும் அந்த முனகலை அச்சடிக்கச் சொன்னார். மாலையில் தாள்களை விரித்து வைத்துப் படிப்பார். எனக்குப் புரியவில்லை என்று சொன்னபோது ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"மொத்த நேரம் எண்டது வாசல்ல நிக்கிற உம்மா கண்ட நேரம். செயலி நேரம் எண்டது மெசின் மெய்யா வேலை செஞ்ச நேரம். பாருங்க, முதலாவது எவ்வளவு பெரிசு, ரெண்டாவது எவ்வளவு சின்னன். மிச்சம் முழுக்க மெசின் சும்மா நிண்ட நேரம்."

எதைப் பார்த்துக்கொண்டு நின்றது என்று கேட்டேன். வட்டை என்றார். வட்டு என்பது என்னுடைய பழைய அட்டை அறை மாதிரி. நினைவகம் என்பது என் மேசை. முதல்முறை ஓர் அட்டையைக் கேட்டால் எழும்பி, அறைக்குள் போய், தேடி எடுத்து வர வேண்டும். அதே அட்டையை மறுபடி கேட்டால் மேசையில் கிடக்கும், கையை நீட்டினால் போதும். முதல் ஓட்டத்தை அவர் "குளிர்" என்பார், இரண்டாம் ஓட்டத்தை "சூடு" என்பார். சூடான ஓட்டத்தைக் காட்டி மெசின் கெட்டிக்கார மெசின் என்று சொல்கிறவனை நம்பக்கூடாது என்பது அவருடைய கட்சி. எங்கள் மேசையோ சிறியது. நாலு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தேடினால் ஒருத்தி எடுத்துவந்து வைத்ததை மற்றவள் எடுத்துவந்தது தள்ளிவிடும். மறுபடி அறைக்குப் போக வேண்டும்.

காலையில் வரும் சனம் மத்தியானம்வரை நின்றது. வரிசை தெருவுக்குப் போய், மருந்துக்கடை வாசலைத் தாண்டி, தேநீர்க்கடையின் அடுப்புவரை வளைந்து கிடந்தது.

1997 செப்டெம்பர் நடுவில் தலைமையகத்தின் கடிதம் வந்தது. அதே பதிவுகளும் அதே கணினி நிரலும் கொழும்பு மெசினில் கண்மூடித் திறக்க முன் பதில் தருகின்றன, ஆகவே தாமதத்துக்குக் காரணம் கல்முனைக் கவுண்டரின் அசட்டைதான் என்று அதில் இருந்தது. ஜனவரி முதல் கவுண்டரை மூடுவார்கள். அங்கத்தவர் தபாலில் விண்ணப்பித்தால் துண்டு தபாலில் வரும். முகாமையாளர் வாசித்து முடித்ததும் பிள்ளைகளில் ஒருத்தி அழத் தொடங்கினாள். இவர் அழுகிற பிள்ளையைப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்த்தார்.

"துண்டு தபாலில வந்து சேரக்குள்ள காய்ச்சல் மாறியிருக்கும், இல்லாட்டி ஆள் மையத்தாகியிருக்கும். ரெண்டில எது நடந்தாலும் மருந்துக் கணக்கு மிச்சம். கெட்டித்தனமான யோசனைதான்."

அன்றே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே இருந்த பொறியியலாளரிடம், அவர்களுடைய மெசினில் தேடிவிட்டு அடியில் வரும் நாலு வரிகளையும் வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார். வட்டிலிருந்து படித்த பக்கங்கள்: பூச்சியம். "அது ரெண்டாம் ஓட்டம் சேர். நீங்க எங்கட முதல் ஓட்டத்த உங்கட ரெண்டாம் ஓட்டத்தோட ஒப்பிட்டுப்போட்டு எங்களச் சோம்பேறி எண்டு எழுதியிருக்கிறீங்க" என்றார்.

அதில் அவர் சொன்னது சரி. அடுத்துச் சொன்னதுதான் பிழை. எங்கள் வட்டு தேய்ந்துவிட்டது, புதியது வேண்டும், அது வந்தால் வரிசை குறையும் என்று தலைமையகத்துக்கு அடித்து எழுதினார். ஒக்டோபரில் வட்டு வந்தது. பொருத்திப் பார்த்தால் முதல் ஓட்டம் கொஞ்சம் குறைந்தது, வரிசை குறையவில்லை. தேநீர்க்கடை அடுப்படியில் அதே சனம் நின்றது. கேட்டதைத் தந்தோம், இனிப் பேச்சில்லை, டிசெம்பர் 31 கடைசி நாள் என்று பதில் வந்தது.

அன்றைய அச்சுத்தாளில் பென்சிலால் "நான் பிழை" என்று எழுதி அறிவித்தல் பலகையில் குத்தினார். சனம் பார்க்கிற இடம் என்று முகாமையாளர் அதைக் கழற்றினார். இவர் மறுபடி குத்தினார்.

"பிழை விட்டது நான். சுணங்கிறது நானில்ல. ரெண்டையும் ஒண்டாக்கிப் போடாதீங்க சேர்."

அதன்பிறகுதான் மூன்றாவது வரியைப் பார்க்கத் தொடங்கினார், நினைவகத்தில் படித்த பக்கங்களை. அதுவரை வட்டின் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எந்தப் பேரைத் தேடினாலும், குளிரோ சூடோ, மூன்றாவது வரியில் ஒரே எண். அந்த எண் எங்கள் முழுப் பதிவின் பக்கங்களுக்குச் சமம். ஒரு மனிதனைத் தேட மெசின் எல்லா மனிதரையும் தலையிலிருந்து கால்வரை வாசிக்கிறது. "ஒரு அட்டைக்கு முழு அறையையும் மேசைக்கு இழுக்குது அண்ணன். அறை வாசல அகலமாக்கி என்ன பிரயோசனம்?" என்றார்.

பேர்களுக்கு அகரவரிசையில் ஒரு சுட்டிப் பட்டியல் இருக்கத்தானே செய்கிறது, பிறகேன் முழுவதையும் வாசிக்க வேண்டும்? இதற்கு விடையை அவர் தாளில் எடுக்கவில்லை. நவம்பர் மாதக் காலை ஒன்றில் வரிசையைப் பார்த்திருந்த கதிரையில் இருந்தபடியே எடுத்தார்.

எங்கள் ஊர்களில் தகப்பன் பேர் முதலில், தன் பேர் பிறகு. முஸ்லிம்களிடமும் அப்படித்தான், தமிழரிடமும் அப்படித்தான். பதிவில் "ஆதம்லெப்பை முகம்மது உதுமான்" என்றும் "சின்னத்தம்பி வேலாயுதம்" என்றும் ஒரே கட்டத்தில் முழுதாக ஏறியிருந்தது. ஆனால் கவுண்டரில் வந்து நிற்கிறவர் உதுமான் என்றுதான் சொல்வார், வேலாயுதம் என்றுதான் சொல்வார். பிள்ளைகளும் "முன்னால் என்னவாயிருந்தாலும் சரி, முடிவில் உதுமான்" என்று மெசினிடம் கேட்பார்கள். சுட்டியோ முதலெழுத்திலிருந்து அடுக்கப்பட்டது. முதலெழுத்துத் தெரியாதவனுக்கு அகராதி உதவாத மாதிரி அது ஒன்றுக்கும் உதவவில்லை. கொழும்பில் இருந்தவர்கள் பேரை முன்னாலிருந்து தட்டிப் பரிசோதித்திருந்தார்கள். அப்படித் தட்டினால் எங்கள் மெசினும் பறந்தது.

தன் பேருக்கு வேறாக ஒரு கட்டம், அதற்கொரு சுட்டி, அவ்வளவுதான் வேண்டும் என்று எழுதினார். நிரல் எல்லாக் கிளைகளுக்கும் பொது, மாற்ற முடியாது, அங்கத்தவர் தம் பெயரை முழுமையாகவும் ஒழுங்காகவும் சொல்லும்படி அறிவித்தல் போடவும் என்று பதில் வந்தது. முகாமையாளர் அறிவித்தலை எழுதி ஒட்டினார். இவர் போய் அதைக் கிழித்தார். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வரிசையில் முன்னுக்கு நின்றாள்.

"இவவ நிக்க வெச்சுப் பாடம் எடுக்கச் சொல்றாங்க சேர், மாமனார்ட பேர முதல்ல சொல்லு, மறுகா மாப்பிள்ளைட பேர எண்டு. மெசினுக்கு ஒரு கட்டம் கூட்டுறது அவங்களுக்குக் கஷ்டமாம்."

"நீங்க அனுமதி இல்லாமக் கை வெச்சா வேலை போகும் புள்ள."

"கை வெக்காட்டி எல்லாற்ற வேலையும் போகும். கவுண்டரும் போகும். நீங்க எனக்கு அனுமதி தர வேணாம் சேர். தடுக்காம இருங்க, போதும்."

அவர் தடுக்கவில்லை. அந்த மனிதருக்கு அது பெரிய துணிச்சல்.

கட்டம் போடுவது ஒரு நாள் வேலை. அதை நிரப்புவதுதான் ஒரு மாதம் எடுத்தது. எந்தத் துண்டு ஒருவர் அழைக்கப்படும் பேர் என்று மெசினுக்குத் தெரியாது, கொழும்புக்கும் தெரியாது. கடைசிச் சொல்தான் என்று எடுத்தால் சிலருக்கு லெப்பை, மரைக்கார் என்ற பட்டங்கள் வந்து நிற்கும். ஆகவே பிள்ளைகள் நாலு பேரும் ஒவ்வொரு பதிவாகப் பார்த்துப் பிரித்தார்கள். மருதமுனைப் பேரை மருதமுனைப் பிள்ளை, காரைதீவுப் பேரைக் காரைதீவுப் பிள்ளை. மாவடிப்பள்ளிப் பாதையை வெள்ளம் மூடியபோது அந்த ஊர்ப் பிள்ளை உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி வந்து இறங்கினாள். அவள் வராவிட்டால் அந்த ஊர்ப் பேர்களைப் பிரிக்க ஆளில்லை. எனக்கும் வேலை கிடைத்தது. சந்தேகமான பேர்களுக்குப் பழைய அட்டைகளைத் தேடிக் கொடுத்தேன்.

சண்டைகளும் நடந்தன. ஒரு மீன்காரரைக் கறுத்தக் காக்கா என்ற பட்டப்பேரில்தான் எல்லோருக்கும் தெரியும், உண்மைப் பேர் அவருக்கே மறந்திருக்கும் என்றாள் ஒருத்தி. "அவர்ட பொஞ்சாதி கவுண்டருக்கு வந்து என்ன சொல்லுவா? அதப் போடு" என்றார் இவர்.

"எங்கட ஊரில சில பொம்பிளையள் மனிசன்ட பேரே சொல்லமாட்டினம் மிஸ். மூத்தவன்ட அப்பா எண்டுதான் சொல்லுவினம். அதுக்கும் ஒரு கட்டம் போடவா?" என்று காரைதீவுப் பிள்ளை கேட்டாள். இவர் சிரிக்காமல் யோசித்தார். பிறகு, அப்படி வருகிறவர்களை அண்ணன் அட்டை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பார் என்று தீர்ப்புச் சொன்னார்.

டிசெம்பர் 23ஆம் திகதி, நோன்புக்கு ஒரு கிழமை இருக்க, அந்தப் பொறியியலாளர் கவுண்டரைப் பொறுப்பெடுக்க வந்தார். இளம் வயது, கொழும்புத் தமிழர், மரியாதையாகப் பேசினார். மூடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள் என்று இவர் கேட்டார். அவர் பதிவிலிருந்து ஒரு பேரைத் தட்டினார், முடிவிலிருந்து. பதில் வந்தது. நம்பாமல் மறுபடி தட்டினார். கையை எடுக்குமுன் பதில் வந்தது. நாலு வரிகளையும் வாசித்தார். மூன்றாவது வரியில் இருந்த சின்ன எண்ணைப் பார்த்து அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"இது போதும் மிஸ். நான் எழுதித் தாறேன்" என்று பேனையை எடுத்தார்.

"போதாது சேர். இப்ப நீங்க கண்டது சூடு. காலையில இருந்து மெசின் ஓடிக்கொண்டு கிடக்கு. ரெண்டாம் ஓட்டத்த வெச்சுத்தான் எங்களச் சோம்பேறி எண்டீங்க. அதே ரெண்டாம் ஓட்டத்தால நாங்க தப்பத் தேவல்ல. மெசின நிப்பாட்டிப் போட்டு எழுப்புங்க. முதல் ஓட்டத்தப் பாருங்க."

ஒக்டோபர் மழையில் ஒருமுறை மின்சாரம் போய் அந்த மெசின் நின்றபோது மறுபடி எழும்ப ஒரு பகல் முழுக்க எடுத்தது. அன்றும் வெளியில் மழை. எழும்பாவிட்டால், கவுண்டரை மூடு என்பதைத் தவிர அந்தப் பொறியியலாளருக்கு எழுத வேறொன்றும் இருக்காது.

முகாமையாளர் கும்பிடாத குறை. "அல்லாஹ்வுக்காக விடு புள்ள. அவர் கையெழுத்து வெக்கப் போறார்."

"வெச்சாரெண்டா நாளைக்கு இன்னொரு ஆள் வந்து, அது சூடு எண்டு சொல்லி மூடுவான். அவன் சொல்றது சரியாயும் இருக்கும்." பிள்ளைகளைப் பார்த்தார். "நிப்பாட்டுங்க."

மாவடிப்பள்ளிப் பிள்ளை நிறுத்தினாள். பச்சை விளக்கு அணைந்ததை நான் கண்டேன். பிறகு மெசினை எழுப்பினாள். எழும்பியது. வரிசையில் நிற்கிற யாரையாவது கூட்டி வாருங்கள், பேரை அவர்களே சொல்லட்டும் என்று பொறியியலாளர் என்னை அனுப்பினார். வாசலில் முதலாவதாக நின்றவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு நடுத்தர வயதுப் பெண். அவரைச் சம்மதிக்க வைத்துக் கூட்டிவரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. தன் இடம் போய்விடும் என்று பயந்தார்.

அங்கத்தவரின் பேரைக் கேட்டதும் உதுமான் என்றார். பிள்ளை தட்டினாள். எங்கள் கரையில் இருக்கிற உதுமான்கள் அத்தனை பேரும் தகப்பன் பேரோடு வரிசையாக வந்து நின்றார்கள். அவர்ட வாப்பாட பேர் என்ன என்று பிள்ளை கேட்க, ஆதம்லெப்பை என்றார். துண்டு அச்சாகி வெளியில் வந்தது. அந்தப் பெண் நழுவிய முக்காட்டை இன்னும் சரிசெய்து முடிக்கவில்லை.

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சந்தோசம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"இவ்வளவுதானா? அப்ப இவ்வளவு காலமும் எங்கள ஏன் மழைக்குள்ள நிக்க வெச்சீங்க?"

"அதத்தான் உம்மா நானும் கேக்கிறன். இவர்தான் கொழும்பில இருந்து வந்த சேர், இவர்கிட்டக் கேளுங்க" என்றார் இவர்.

பொறியியலாளர் அச்சுத்தாளில் ஒரு படியைத் தான் எடுத்துக்கொண்டார். மற்றப் படியில் இவர் பென்சிலால் எழுதி என்னிடம் தந்தார். மேலே நான் சொன்ன தாள் அதுதான்.

ஜனவரியில் கவுண்டர் மூடப்படவில்லை. பெப்ரவரியில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, மூடும் கட்டளை மறு அறிவித்தல்வரை நிறுத்தப்படுகிறது என்றது. இரண்டாவது இவருக்கு, இரண்டு கேள்விகளோடு. பதிவில் ஒரு கட்டத்தைக் கூட்ட அனுமதி தந்தவர் யார்? பரிசோதனைக்கு முன் மெசின் ஏற்கெனவே சூடாக்கி வைக்கப்பட்டதாகச் சந்தேகம் எழுந்துள்ளது, விளக்கம் என்ன?

பதிலை அரைத் தாளில் எழுதினார். முகாமையாளர் அதை எனக்குக் காட்டியதால் இங்கே தருகிறேன். "ஒன்று: ஒருவரும் தரவில்லை, நான்தான் போட்டேன். இரண்டு: வந்து இன்னொருமுறை நிறுத்திப் பாருங்கள்." வருந்துகிறேன் என்று ஒரு சொல் சேர்த்தால் விட்டுவிடுவார்கள் என்று முகாமையாளர் இரண்டு நாள் கெஞ்சினார். எதற்காக வருந்துவது என்று கேட்டு, விடை கிடைக்காததால் சேர்க்கவில்லை.

நிறுத்திப் பார்க்க ஒருவரும் வரவில்லை. மார்ச்சில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பிரியாவிடைத் தேநீரை வேண்டாம் என்றார். வரிசை அன்று வாசல்படியோடு முடிந்திருந்தது. கதிரையில் இருந்து அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, என் மேசைக்கு வந்து பேரைப் போடாதீங்க என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் போனார். அடுத்த ஆண்டு எல்லாக் கிளைகளுக்கும் கொழும்பிலிருந்து புதிய நிரல் வந்தது. அதில் அந்தக் கட்டம் இருந்தது. யார் போட்டது என்று எங்கும் இல்லை.

ஒரு விடயம் மிச்சம் இருக்கிறது. மெசினை நிறுத்தியதை நான் கண்டேன், எழுப்பியதையும் கண்டேன். பிறகு நான் வாசலுக்குப் போய்விட்டேன். அந்தப் பெண்ணோடு திரும்பி வரும்வரை அறைக்குள் நடந்தது எனக்குத் தெரியாது. விசைப்பலகையில் இருந்தது மாவடிப்பள்ளிப் பிள்ளை. நன்றாகப் பயந்திருந்தாள். ஒருமுறை தட்டிப் பார்த்தாளா என்று பின்னாளில் இரண்டு தரம் கேட்டேன். முதல்தரம் சிரித்தாள். இரண்டாந்தரம், "மிஸ்ட தாளில இருக்கும், பாருங்க அண்ணன்" என்றாள். தாளில் இருக்க வேண்டிய இடம் நாலாவது வரி. வட்டிலிருந்து படித்த பக்கங்கள் அங்கே ஓர் எண்ணாக இருந்தால் மெசின் குளிர், பூச்சியமாக இருந்தால் சூடு. அந்த இடத்தில்தான் அச்சுநாடா தேய்ந்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது வரி தெளிவாக இருக்கிறது. அது எப்படியும் சின்ன எண்தான், கவுண்டருக்கு அது போதும். ஆனால் அவர் அன்று எல்லாவற்றையும் பணயம் வைத்தது நாலாவது வரிக்காக.

பென்சிலால் அவர் எழுதியதை நான் நம்புகிறேன். ஆயினும் அந்த ஓட்டம் குளிர்ந்த மெசினில்தான் நடந்தது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. பொறியியலாளர் கொண்டுபோன படியில் அந்த வரி தெளிவாக இருக்கக்கூடும். அதைக் கேட்டுத் தலைமையகத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். பதில் எங்கே நின்று சுணங்குகிறது என்று தெரியவில்லை.